சரிந்த கூரையும் பன்னிரண்டு டின் முறுக்கும்

பழைய வேனைக் கொடுத்துவிட்டுப் பிரம்மநாயகம் வாங்கி வந்த எலெக்ட்ரிக் காரின் கூரை முன்பக்கம் ஒழுங்காகத்தான் ஆரம்பித்தது. டிரைவர் தலையைத் தாண்டியதும் அதற்கு என்ன தோன்றிற்றோ, சரிந்து சரிந்து டிக்கியில் போய்ப் படுத்துவிட்டது. இசக்கிசெல்வி மாவுக் கையோடு வெளியே வந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"என்னங்க, வார வழியில மேல ஏதும் விழுந்திட்டா?"

"ஏட்டி, இது கூப்பே. டிசைனே அப்படித்தான்."

"நல்லாத்தான் இருக்கு. நம்ம டின்னு எங்க நிக்கும்?"

ஷோரூமில் அவர் கேட்காமல் விட்டது அந்த ஒரு கேள்வியைத்தான். ஒரு சார்ஜில் எத்தனை கிலோமீட்டர் போகும், தண்ணீரில் நின்றால் கரண்ட் அடிக்குமா, சொன்ன பேச்சைத் தமிழில் கேட்குமா என்றெல்லாம் விசாரித்திருந்தார். இருப்பதிலேயே விலை குறைந்த மாடல் என்பதால் கண்ணாடிக் கூரை கிடையாது, தமிழும் கிடையாது. "அங்கிள், இது கார் இல்லை, லைஃப்ஸ்டைல்" என்று விற்பனைப் பையன் ஹிந்தியில் சொன்னதை மட்டும் தாராவி வந்து சேர்வதற்குள் ஏழு பேரிடம் போனில் சொல்லியாகிவிட்டது.

இசக்கிசெல்வியின் லைஃப்ஸ்டைல் வேறு மாதிரி. திசையன்விளைப் பக்கமிருந்து கல்யாணமாகி வந்த புதிதில், இரண்டு டின் முறுக்கைத் தலையில் வைத்துக்கொண்டு லோக்கல் ரயிலின் லக்கேஜ் பெட்டியில் மீன் கூடைக்காரிகளோடு இடத்துக்குச் சண்டை போட்டுச் செம்பூர் போவாள். அவள் ஹிந்தி படித்தது அங்கேதான். அதனால் இன்றைக்கும் அவள் ஹிந்தியில் நலம் விசாரித்தால்கூடச் சண்டைக்கு வருவது போலிருக்கும். பிறகு கைவண்டி. பிறகு ஆட்டோ. கடைசியாக அந்த வேன். மூஞ்சி தட்டை, கூரை தட்டை, பின்சீட்டைப் பிடுங்கிய ஒரு தகரப் பெட்டி. டின்னை இரண்டு அடுக்காக நிறுத்தி வைத்தால் நின்றபடியே போய் இறங்கும். பதினாறு வருஷம் அப்படித்தான் இறங்கிற்று.

இப்போது பட்டறையில் எட்டுப் பெண்கள் வேலை செய்கிறார்கள். மாவுக்கும் எண்ணெய்க்கும் பதத்துக்கும் அவள். டெலிவரிக்கும் விசிட்டிங் கார்டுக்கும் பிரம்மநாயகம். கார்டில் 'புரொப்ரைட்டர்' என்று போட்டிருக்கும்.

கார் வந்த முதல் வாரம் முழுக்கப் பட்டறை வாசலில் கூட்டம். எலுமிச்சம்பழம் நசுக்கி, திருஷ்டிக் கயிறு கட்டி, பின்கண்ணாடியில் 'சுடலைமாடசாமி துணை' என்று ஸ்டிக்கர் ஒட்டினார். கூரை சரிந்ததில் பின்கண்ணாடி ஏற்கெனவே சாண் உயரம்தான். மாடசாமி வந்தபின் அதுவும் அடைந்துபோனது. "பின்னால பாக்க கேமரா இருக்குல்லா" என்றார். சீட்டின் மேலிருந்த பிளாஸ்டிக் உறையைக் கழற்றவில்லை. அது கிடந்தால்தானே புது வண்டி.

கோயில் கொடைக் கமிட்டிக்காரர்கள் வந்த அன்று, காரிலிருந்து ஒரு ஒயரை இழுத்துக் கெட்டிலில் மாட்டி, நடுரோட்டில் டீ போட்டுக் கொடுத்தார்.

"வண்டியில இருந்தே கரண்டு எடுக்கலாம் வே. மிக்ஸி ஓடும், டிவி ஓடும், ஒரு குடும்பமே நடக்கும்."

"உள்ள ஸ்விட்ச்சு போட்டாலும் இதே டீ கிடைக்கும் அண்ணாச்சி" என்றாள் அடுப்படியிலிருந்து சபுரா. எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் பத்து வருஷமாக நிற்கிறவள், சூடாகத்தான் பேசுவாள்.

தீபாவளிக்கு இருபது நாள் இருந்தது. நெருளில் கடை வைத்திருக்கும் வெங்கடராமன் ஒவ்வொரு வருஷமும் முதலில் இருபத்துநாலு டின் வாங்குவார். அது முழுசாக, மொறுமொறுவென்று வந்தால் அடுத்து நூறு டின் சொல்வார். இந்த வருஷம் கோபர்கைரனேயிலிருந்து வேறொருவரும் அவரிடம் சாம்பிள் கொடுத்திருந்தார். அந்த நூறு டின் கை நழுவினால் எட்டுப் பெண்களில் நாலு பேரை நிறுத்த வேண்டிவரும். யாரை நிறுத்துவது என்று யோசித்தே இசக்கிசெல்வி இரண்டு ராத்திரி தூங்கவில்லை.

"இந்தத் தடவை அல்தாப் டெம்போவில அனுப்பிருவோமா?" என்று கேட்டாள்.

"வீட்டு வாசல்ல காரை நிறுத்திக்கிட்டு வாடகை டெம்போவா? நாலு பேரு சிரிக்க மாட்டானா? டிக்கி மட்டும் ஐந்நூறு லிட்டர் ஏட்டி!"

ஐந்நூறு லிட்டர் இருந்திருக்கலாம், தண்ணீராக ஊற்றினால். டின்னாக வைத்தபோது பன்னிரண்டு நின்றது. அடுத்த அடுக்குக்குக் கதவு மூடவில்லை. மிச்சம் பன்னிரண்டையும் பின்சீட்டில், வழுக்கும் பிளாஸ்டிக் உறையின் மேல் படுக்கவைத்தார். இசக்கிசெல்வி முன்சீட்டில் ஏறிக்கொண்டாள்.

சயான் தாண்டும்வரை ஒன்றுமில்லை. செம்பூர்ப் பாலத்தில் ஏறி இறங்கும்போது வண்டி திடீரென்று தயங்கிற்று. பின்னால் 'சர்ர்' என்றொரு சத்தம்.

"என்னங்க பிரேக் போடுதிய?"

"பிரேக்கே போடல. காலைத்தான் எடுத்தேன். காலை எடுத்தா வண்டி தானா வேகத்தைக் குறைச்சு, குறைஞ்ச வேகத்தைக் கரண்டாக்கி பேட்டரியில போட்டுரும். மூணு லெவல் உண்டு. நான் மூணுல வச்சிருக்கேன். அந்தா பாரு!"

திரையில் 281 கிலோமீட்டர் என்று இருந்தது 282 ஆயிற்று.

அதன்பின் அவர் வண்டி ஓட்டவில்லை, கறந்தார். மிதிப்பார், காலை எடுப்பார். மிதிப்பார், எடுப்பார். வாஷிப் பாலத்தில் பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரனை விடாமல் அடித்து ஹிந்தியில் அவர் பரம்பரையை விசாரித்தான். ஒவ்வொரு முறையும் பன்னிரண்டு டின்னும் உறையின் மேல் வழுக்கி முன்சீட்டில் முட்டித் திரும்பின. இசக்கிசெல்விக்கு அது நடுமுதுகில் தெரிந்தது.

"மெதுவாப் போங்க. உள்ள இருக்கது முறுக்கு."

"284! ஓசிக் கரண்டுடீ!"

நெருள் கடையில் வெங்கடராமன் சாஸ்திரத்துக்கு ஒரு டின்னைத்தான் திறப்பார். அவர் கை நீட்டியது பின்சீட்டில் வந்ததுக்கு. மூடியைத் திறந்து கையை விட்டார். முழங்கை வரை போயிற்று. வெளியே எடுத்தபோது உள்ளங்கை நிறைய முறுக்குத் தூள்.

"ஏம்மா செல்வி, முறுக்கு கேட்டா மாவாவே அனுப்பிச்சுட்டியே. நான் பிழிஞ்சுக்கணுமா?"

பின்சீட்டு டின் அத்தனையும் அதே கதி. டிக்கியில் நின்று வந்த பன்னிரண்டும் முழுசு. பிரம்மநாயகம் ரோடு சரியில்லை என்றார். வெங்கடராமன் அவரைப் பார்க்காமல் இசக்கிசெல்வியிடம் சொன்னார்: "நாளைக்குப் பத்து மணிக்குள்ள பன்னிரண்டு டின் நல்லதா வரணும். இல்லேன்னா நான் கோபர்கைரனேக்குப் போன் பண்ணிடறேன். வருத்தப்படக் கூடாது."

திரும்பும் வழி முழுக்க அவள் விரலை மடக்கி மடக்கி டின் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தாள். அது அவருக்கு வாஷி லாரிக்காரனைவிடப் பயமாக இருந்தது. பட்டறைக்கு வந்ததும் அவள் மாவு பிசையச் சொன்னாள்; மிஷின் ஓட ஆரம்பித்தது. அவர் தன் பங்குக்கு ஏதாவது செய்யவேண்டும் என்று வண்டியைச் சார்ஜில் போட்டார், பட்டறையின் அதே லைனில்.

பத்தே நிமிஷம். மீட்டர் பெட்டியில் ஒரு நீல வெளிச்சம், ஒரு கருகல் நாற்றம். பிழிகிற மிஷின் பாதி முறுக்கைத் தொங்கவிட்டபடி நின்றது. எலெக்ட்ரீஷியன் வந்து பார்த்து, கேபிளே போய்விட்டது, நாளை மத்தியானம் என்றான். மணி இரண்டரை.

"கையாலயே பிழிஞ்சா?" என்றாள் சபுரா.

"விடிய விடியப் பிழிஞ்சாலும் ஆறு டின்னுதான்."

இசக்கிசெல்வி வாசலுக்கு வந்தாள். கார் பளபளவென்று நின்றது. பிரம்மநாயகம் அதன் கதவில் ஒரு கைரேகையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் கெட்டில் ஒயரு எங்க?"

"எதுக்கு?"

"குடும்பமே நடக்கும்னு சொன்னியள்லா. நடத்துவோம்."

"ஏட்டி, மிஷினு மோட்டர் வேற, கெட்டில் வேற..."

"மிக்ஸி ஓடும், டிவி ஓடும், முறுக்கு மட்டும் ஓடாதோ? எங்க லைன்ல குடிச்ச கரண்டுதான. இப்ப திருப்பிக் குடுக்கச் சொல்லுங்க."

மிஷின் ஓடிற்று. அதைச் சொல்லத்தான் வேண்டும்; அந்தக் கார் செய்த முதல் உருப்படியான வேலை அது. மாலை ஆறரை வரை ஒரு முனகல்கூட இல்லாமல் மாவைப் பிழிந்து தள்ளிற்று. பிரம்மநாயகம் ஏசி போடாமல் உள்ளே உட்கார்ந்து, காலையில் ஏறிய எண்ணோடு பேட்டரியும் இறங்குவதைப் பார்த்தார்.

"செல்வி, அம்பத்தொண்ணு பர்சென்ட்!"

"இன்னும் ஏழு டின்னு."

"நாப்பத்தாறு!"

"வாயை மூடிக்கிட்டு இருங்க. அதுக்கும் கரண்டு செலவாகும்" என்று சபுரா குரல் கொடுத்தாள்.

வழியில் போன கொடைக் கமிட்டிக்காரர் ஒருவர் நின்று, "என்ன வே, ஜெனரேட்டர் புதுசா? சீட்டெல்லாம் வச்சிருக்கு!" என்றார். பிரம்மநாயகம் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

மறுநாள் காலை பன்னிரண்டு டின்னும் அல்தாப்பின் மூன்று சக்கர டெம்போவில் நின்றபடி நெருள் போயின. இசக்கிசெல்வி முன்னால் அல்தாப் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். புரொப்ரைட்டர் டெம்போவுக்குள் டின்களோடு டின்னாக உட்கார்ந்து, ஒவ்வொரு பள்ளத்துக்கும் இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்தார். வெங்கடராமன் ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தார். கடை வாசல்வரை கேட்டது. நூறு டின் என்றார்.

"நாயகம், புதுக் கார் எங்கே?"

"பட்டறையில வேலையா இருக்கு அண்ணாச்சி" என்றாள் இசக்கிசெல்வி. அது பொய்யுமில்லை, கேபிள் மாற்றும்வரை மிஷின் அதில்தான் ஓடிற்று.

சீசன் முழுக்க அல்தாப்பைப் பேசி முடித்துவிட்டாள். தூளாய்ப் போன பன்னிரண்டு டின்னையும் அவள் கொட்டவில்லை; வேலைக்காரப் பெண்களுக்கும் கொடுக்கவில்லை. தினமும் சாயந்தரம் பிரம்மநாயகத்துக்கு டீயோடு ஒரு கிண்ணம் தூளும் ஒரு ஸ்பூனும் வைத்தாள். தீபாவளியன்று அவர் இரண்டாவது டின்னில்தான் இருந்தார்.