தென்னேரி பக்கம்தான்

அமாவாசை அன்று காஞ்சிபுரத்தில் தறி ஓடாது. அன்றைக்கு மட்டும் நான் வேலை பார்க்கும் நூலகத்துக்கு ஒரு நெசவாளர் வருவார். ஒட்டிய கன்னம், காதில் செருகிய பட்டு நூல். கண்ணில் பட்டதையெல்லாம் அந்த நூலால் அளப்பார். ஒருமுறை என் மூக்குக்கண்ணாடியைக்கூட அளந்தார்.

அன்று அவருக்கு ஒரு பத்திரிகையைப் படித்துக் காட்டினேன். தென்னமெரிக்காவில் மலைமேல் இருக்கும் லா பாஸிலிருந்து, மலைமேலேயே இருக்கும் குஸ்கோவுக்கு முந்நூறு மைலுக்கு மேல். விமானத்தில் ஒரு மணி நேரம்தானாம்.

அவர் எழுந்துபோய்ச் சுவரிலிருந்த உலகப் படத்தில் அந்த இரண்டு ஊருக்கும் நடுவே நூலால் அளந்தார். அதே அளவைப் பக்கத்திலிருந்த ஜில்லா படத்தில் காஞ்சிபுரத்திலிருந்து வைத்துப் பார்த்தார். நூல் பக்கத்து ஏரிக்கரை ஊரான தென்னேரி வரைகூட எட்டவில்லை.

"பாத்தியா தம்பி, தென்னேரிதான் தூரம்!"

"படத்துக்குப் படம் அளவு மாறுங்க."

"நூலு மாறுமாப்பா?" என்று கத்தினார். "போன மாசம் தென்னேரில என் பொண்ணுக்கு ரெண்டாவது பிரசவம். வலி வந்துடுச்சின்னு காலையிலயே ஆள் வந்து சொன்னான். பஸ்ஸு வரவே இல்ல. வாலாஜாபாத் வரைக்கும் நடந்தேன், அங்கயும் இல்ல. நான் போய்ச் சேர்றதுக்குள்ள கண்ண மூடிட்டா. எதுப்பா தூரம்? நீயே சொல்லு!"

இரண்டு மலைக்கு நடுவே ஏரோப்ளேன் விடுகிறார்கள். ஏரிக்கரை ஊருக்கு ஒழுங்காக ஒரு பஸ் விடத் துப்பில்லை.

அப்புறம் எந்த அமாவாசைக்கும் அவர் வரவில்லை. அந்த ஜில்லா படம் மட்டும் அதே சுவரில் தொங்கிக்கொண்டு, தென்னேரி பக்கம்தான் என்று கூசாமல் காட்டுகிறது.