பின்னணிச் சத்தம்

ஆய்வுக் குழு வருகிறது என்றால் மலைமேலிருக்கும் எங்கள் கல்லூரியில் சுவருக்கு வெள்ளையடிப்பார்கள்; பாடத்துக்குப் புதுப் பெயர் வைப்பார்கள். அந்த முறை என் தலையில் விழுந்தது 'கைப்பேசி வழிக் கூட்டுக் கற்றல்'. நான் பொருளியல் வாத்தியார், இங்கே கீழ்நாடு என்று சொல்லும் சமவெளியிலிருந்து மாற்றலாகி வந்தவன். கூட்டாகக் கற்பது பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. அதனால் விதிமுறைகளை மிகக் கறாராக எழுதினேன்.

வகுப்பைக் குழுக்களாகப் பிரித்து வாட்ஸ்அப்பில் சேர்த்தேன். விடுமுறை வாரத்தில் ஒரு கேள்வி போட்டேன்: சிறு விவசாயியால் தன் விளைச்சலுக்கு ஏன் விலை சொல்ல முடிவதில்லை? ஒவ்வொருவரும் தம் எண்ணிலிருந்து பதில் அனுப்பினால் பத்து மதிப்பெண். அனுப்பாவிட்டால் பூஜ்யம்.

அடிவாரத்திலிருந்து பஸ்ஸில் வந்து படிக்கும் பிள்ளைகளின் குழு ஒரு மணி நேரத்தில் பதில் அனுப்பியது. ஐந்து பேர், ஐந்து எண்கள், ஒரே பதில். கடைசி வரிகூட ஒன்றுதான்: "இதை இன்னும் சுருக்கமாக எழுதித் தரட்டுமா?" என்ன பணிவு என்று பூரித்துப்போய் ஆளுக்குப் பத்து போட்டேன்.

மலைக்குள் அரியூர் நாட்டு ஊர்களிலிருந்து வரும் நான்கு பெண்களின் குழுவில் ஒருத்தியிடம்தான் வாட்ஸ்அப் இருந்தது. மற்ற மூவரும் கொடுத்தவை வீட்டிலிருந்த பட்டன் ஃபோன் எண்கள். 'ஆர்வமின்மை' என்று குறித்துக்கொண்டேன். அந்த ஒருத்தி குரல் பதிவு அனுப்பினாள். நடுநடுவே யாரோ குறுக்கே பேசினார்கள், சிரித்தார்கள். "பின்னணியில் சத்தம் கூடாது. ஒருவர் மட்டும் பேசவும்" என்று பதில் போட்டேன். அடுத்த பதிவு சுத்தமாக வந்தது. அவளுக்குப் பத்து, மற்ற மூவருக்கும் பூஜ்யம். கல்லூரி திறந்ததும் வண்ண வண்ணமாய் வரைபடம் போட்டு ஆய்வுக் குழுவிடம் கைதட்டலும் வாங்கினேன்.

மறுநாள், குரல் பதிவு அனுப்பிய அந்தப் பெண் என் அறைக்கு வந்தாள்.

"ஏனுங்க சார், என்னோட பத்து மார்க்கை நாலு பேருக்கும் பிரிச்சுப் போட முடியுங்களா?"

"அவங்க ஒண்ணுமே அனுப்பலையேம்மா."

"நாலு பேரும் மரவள்ளிக் காட்டுல உக்காந்து பேசித்தானுங்க பதில் சொன்னோம். அப்புறம் நான் சிக்னல் கிடைக்கற மேட்டுக்கு ஏறி அனுப்பிட்டு வந்தேன். சத்தம் கூடாதுன்னு நீங்க சொன்னதுக்கப்புறம் அவங்க வாயே தொறக்கலீங்க." கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "அதுல ஒருத்திக்கு ஒரு பேப்பர் போனாலும் படிப்பை நிறுத்திருவோம்னு ஊட்டுல சொல்லியிருக்காங்க சார்."

அவள் போனபின் முதல் பதிவை மறுபடி கேட்டேன். ஒரு குரல், பேளுக்குறிச்சிச் சந்தையில் மிளகு மூட்டையை இறக்கிவிட்டால் திரும்ப மலையேற்ற முடியாது, அது வியாபாரிக்குத் தெரியும் என்றது. இன்னொரு குரல், அது மட்டுமில்லை, கடைசி பஸ்ஸுக்கு அப்பா அவசரப்படுவதும் அவனுக்குத் தெரியும் என்று வெட்டியது. நான் பதினோரு வருடமாக நடத்தும் பாடம் அது. இவ்வளவு தெளிவாக நான் ஒருநாளும் சொன்னதில்லை. வெட்கமாக இருந்தது.

மதிப்பெண்ணைத் திருத்தக் காரணம் எழுதித் தரச் சொன்னார் முதல்வர். உண்மையை எழுதினால் வரைபடம் என்னாவது? கைதட்டல் என்னாவது? 'தொழில்நுட்பக் கோளாறு' என்று எழுதினேன். முதல்வருக்கும் அதுவே வசதியாக இருந்தது. மூவருக்கும் பத்துப் பத்து ஏறியது.

குழுவின் சார்பில் கையெழுத்துப் போட அவளைக் கூப்பிட்டேன். கடிதத்தை நிதானமாகப் படித்தாள்.

"கோளாறு எங்க ஃபோன்லீங்களா சார்?"

"ஆமாம்மா."

அவள் ஃபோனை எடுத்துத் துப்பட்டாவில் துடைத்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். பிறகு கையெழுத்துப் போட்டாள்.

"மன்னிச்சுக்கோங்க சார். எங்களால உங்களுக்கு வீண் சிரமம்."

"பரவாயில்லை" என்றேன் நான்.