பின்னட்டை மீசைக்காரர்

பக்கத்துப் போர்ஷனிலிருந்து மண்ணெண்ணெய் ஸ்டவ் வாசனையோடு ஒரு குரல் வரும்...

"ஏரிக்கரைக்கு வா. வெள்ளைச் சட்டை போட்டிருப்பான். முடிச்சுடு."

1991. ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனியில் நான் அப்ரண்டிஸ். குரல் வாசன் சாருடையது. பஸ் ஸ்டாண்ட் கடைகளில் மாதாமாதம் தொங்கிய உளவு நாவல்களைப் புனைபெயரில் எழுதியவர். ஒவ்வொரு வசனத்தையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்த பிறகே எழுதுவார். அது அவர்தான் என்று ஊரில் எனக்கு மட்டும் தெரியும்.

பின்னட்டையில் அவர் முகம் இருக்காது. "உங்களைப் பார்த்தா இன்சூரன்ஸ் ஏஜென்ட் மாதிரி இருக்கு" என்று பதிப்பாளர் எங்கிருந்தோ ஒரு மீசைக்காரர் படத்தை எடுத்துப் போட்டிருந்தார்.

குண்டு வெடித்த அந்த மே மாதத்துக்குப் பிறகு, எங்கள் ஊரில் வெளியூர்க்காரன் இருமினாலே போலீஸ் வரும். இவரோ தினம் ஒருவனைத் தீர்த்துக்கட்டிக்கொண்டிருந்தார். வீட்டுக்கார அம்மா ஸ்டேஷனில் போய்ச் சொல்லிவிட்டாள்.

ஜீப் வந்தது.

"இன்னாய்யா, யாரை முடிக்கச் சொன்னே?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"கதை சார்..." வாசன் சார் தன் புனைபெயரைச் சொன்னார்.

"யார்கிட்ட ரீல் வுடுற? அவரு புக்கு ஒண்ணு வுடாம படிச்சவன் நானு. அவரு மூஞ்சி எனக்குத் தெரியாது?"

"இவர்தான் சார் அவரு" என்றேன் நான்.

"நீ யார்ரா?"

கதவோரம் ஒதுங்கினேன்.

இன்ஸ்பெக்டர் மேஜையிலிருந்த தாள்களை எடுத்தார். நின்றபடி படித்தார். பிறகு உட்கார்ந்து படித்தார்.

"எழுத்து அவரோடதுதான். ஆனா ஆளு நீ இல்ல. அவரு சொல்லச் சொல்ல எழுதிக் குடுக்குறவனா?"

வாசலில் ஜீப் உறுமிக்கொண்டிருந்தது. ஏறிப் போனவர்களில் சிலர் திரும்பி வராத மாதங்கள் அவை.

"ஆமா சார்" என்றார் வாசன் சார்.

"அத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? சாரை ரொம்பக் கேட்டேன்னு சொல்லு."

அன்று சாயங்காலமும் ஸ்டவ் வாசனை வந்தது. குரலும் வந்தது... கரகரவென்று, நான் கேட்டேயிராத குரல். அது நிறுத்தி நிறுத்திச் சொல்ல, வாசன் சாரின் குரல் பணிவாகக் கேட்டது:

"அப்புறம் சார்?"

கதவு திறந்தே இருந்தது. எட்டிப் பார்த்தேன். அவர் மட்டும்தான் இருந்தார். என்னைப் பார்த்ததும், பேசாதே என்று உதட்டில் விரல் வைத்தார்.

சீக்கிரமே வீட்டைக் காலி செய்துவிட்டார். நாவல்கள் தொடர்ந்து வந்தன. முன்பைவிட நன்றாகவே இருந்தன.

இப்போது ஒரகடத்தில், நான் வேலை பார்க்கும் பேக்டரி கேட்டில் ஒரு மெஷின் முகத்தைப் பார்த்துத்தான் உள்ளே விடுகிறது. சில காலைகளில் அதற்கு என்னைத் தெரிவதில்லை.

"இன்னா சார், வேற யாருக்கோ பதிலா வந்துகிறீங்களா?" என்று செக்யூரிட்டி சிரிப்பார்.

இல்லை என்று சொல்ல எனக்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கிறது...