அத்தான் வச்ச மோட்டார்

என் அக்கா புருஷன் இருக்காரே, தண்ணி ஆபீஸ்ல முப்பது வருஷம் குப்பை கொட்டிட்டு ரிட்டயர் ஆனவர். "தண்ணி பொதுச் சொத்து. ஒருத்தர் அதிகமா எடுத்தா இன்னொருத்தருக்குக் குறையும்." இதை மைக் கிடைச்ச இடத்துல எல்லாம் பேசுவார். பல் தேய்க்கும்போது அக்கா குழாயை மூட மறந்துட்டா, அன்னிக்கு முழுக்க அவளுக்கு வகுப்புதான்.

அந்த மகான்தான் எங்க தெருவுலயே முதல்ல, குடிதண்ணி லைன்ல நேரா மோட்டாரை மாட்டினார். சத்தம் வெளிய கேக்கக் கூடாதுன்னு பழைய தலகாணி ரெண்டை மேல போட்டு அமுக்கி வச்சார். சீ, என்ன பிழைப்போ!

தெருக்கோடியில என் சலவைக்கடை. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பு வந்தாத்தான் எங்க வீட்ல அடுப்பு எரியும். அவர் மோட்டார் போட்ட மூணாம் நாளே என் குழாய்ல நூல் மாதிரி ஒழுகுது. மானத்தை விட்டுப் போய் நின்னேன்.

"அத்தான், எனக்கு ஒரு வாளி கூட வரலை. இன்னொரு தடவை லேட்டானா வேற ஆளைப் பாத்துக்குவோம்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க."

"நீயும் ஒண்ணு போட்டுக்கம்மா. எல்லாரும் போட்டா எல்லாருக்கும் சமமாயிடும்ல?"

முப்பது வருஷத்துல இவர் படிச்சுக் கிழிச்சது இதான்!

எதிர்வீட்டு டெய்லர் போட்டார். பக்கத்து வீட்டு டீச்சர் அதைவிடப் பெரிசா போட்டாங்க. வெக்கத்தை விட்டுச் சொல்றேன், நானும் போட்டேன். அத்தனை பேரும் ஒரே நேரத்துல இழுத்தா குழாய் என்ன செய்யும்? அத்தான் வீட்டு வாசல்ல, சாக்கடை வழியா போற பழைய குடிதண்ணிக் குழாயோட மூட்டு விட்டுப்போச்சு. அதுக்கப்புறம் தெரு முழுக்க எல்லார் மோட்டாரும் சாக்கடையைத்தான் உறிஞ்சுச்சு.

நான் துவைச்ச விரிப்பெல்லாம் மஞ்சளா, நாத்தமா போச்சு. ஆஸ்பத்திரி வண்டி வந்து, துவைக்காததையும் சேர்த்து அள்ளிட்டுப் போயிடுச்சு. வெறும் துவைக்கற கல்லைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். அப்பதான் அத்தான் ஒரு வெள்ளைச் சட்டையோட வர்றார்.

"நாளைக்கு எனக்குப் பாராட்டு விழாம்மா. 'தண்ணீர்க் காவலர்'னு பட்டம் குடுக்கறாங்க. வீட்ல துவைச்சா கறை புடிக்குது. நீ கொஞ்சம் வெளுத்துக் குடு."

சட்டையை வாங்கி, என் குழாய்ல புடிச்ச தண்ணியில நல்லா முக்கி, பிழிஞ்சு, அவர் கையிலேயே குடுத்தேன்.

"இந்தாங்க அத்தான். எல்லாருக்கும் சமமாயிடுச்சு."