பெற்றார் கூட்டத்துக்கு மாமனை அழைத்துப் போனேன்

கொக்கட்டிச்சோலைப் பக்கம் நான் குடியேறிப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. இன்னும் வாசலில் வந்து நிற்கிறவர்கள், "தங்கம்மா வீடுதானே?" என்றுதான் கேட்கிறார்கள். எதிரிலேயே நான் தையல் மிஷினை மிதித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். தங்கம்மா என் மனைவி. நம் திருநெல்வேலிச் சீமையிலே பெண்ணைப் புருஷன் வீட்டுக்கு அழைத்து வருவோம். இங்கே மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மனைவி வீட்டுக்குப் போகிறான். வீடும் அதைச் சுற்றிய வளவும் தாயிடமிருந்து மகளுக்குப் போகின்றன. இதையெல்லாம் வேடிக்கையாக ஊரில் இருக்கும் உங்களுக்கு எழுதிக்கொண்டிருந்தவன்தான் நான். சென்ற மாதத்தோடு வேடிக்கை தீர்ந்துவிட்டது.

என் மகள் செல்லம் ஐந்தாம் வகுப்பு முடித்தாள். மேலே படிக்க வேண்டுமானால் வாவியைக் கடந்து போய் மட்டக்களப்பு டவுனில் போடிங் என்கிற பள்ளி விடுதியில் தங்க வேண்டும். யார் யாரை அனுப்புவது என்று தீர்மானிக்கப் பள்ளிக்கூடத்தில் பெற்றார் கூட்டம் வைத்தார்கள். நான் அப்படியொரு கூட்டத்தைக் கண்டதில்லை. சபையில் பேசியும் பழக்கமில்லை. நம்மூரில் நல்ல காரியத்துக்குத் தாய்மாமனை முன்னால் வைப்போம் அல்லவா? அந்த மரியாதையை நினைத்து, தங்கம்மாவின் அண்ணன் கந்தப்போடியாரையும் கூப்பிட்டேன்.

"செல்லத்தை போடிங்குக்கு அனுப்பணும், மச்சான். நீங்க பக்கத்தில் இருந்தால் எனக்குத் தெம்பு."

"அதுக்கென்ன மச்சான், வாறன். புள்ள படிக்கட்டும்," என்றார். என் எதிரில் உட்கார்ந்து, தங்கம்மா போட்ட சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டுதான் சொன்னார்.

புதுச் சட்டை ஒன்று தைத்துப் போட்டுக்கொண்டு போனேன். வாங்குப் பலகைகளில் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் தகப்பன்மார் அல்லர், மாமன்மார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஹெட்மாஸ்டர் செல்லத்தின் பெயரை வாசித்ததும், நான் வேட்டியைச் சரிசெய்து எழுவதற்குள் மச்சான் எழுந்துவிட்டார்.

"எங்கட புள்ள ஊரோட நிக்கட்டும் ஐயா. வீடு வளவு அவக்குத்தானே. டவுனுக்குப் போன புள்ள கிறுகி ஊருக்கு வருவாளா?"

"நான் தகப்பன்! என் மகள் படிப்பாள்!" என்று கத்தினேன். ஒருவரும் என்னைக் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ஹெட்மாஸ்டர் என்மேல் இரக்கப்பட்டார்.

"இரிங்க ஐயா. மாமன் சபைக்கு வந்து சொன்னா இஞ்ச அதுதான் முடிவு. தாயும் ஒப்பம் வச்சித் தந்திரிக்கா," என்று ஒரு கடுதாசியைக் காட்டினார்.

தங்கம்மாவின் கையெழுத்து. கல்யாணமான வருஷம் மாரிக்காலத்தில், தையல் வேலை இல்லாத மத்தியானங்களில், துணியில் கோடு போடும் சுண்ணக்கட்டியால் பலகையில் அவள் பெயரை எழுதப் பழக்கியவன் நான். 'ங்' எழுத வராமல் சிரித்துச் சிரித்து என் தோளில் சாய்வாள். அதே கோணல் 'ங்'தான் அந்தக் கடுதாசியிலும் இருந்தது. மச்சான் என்னை ஏமாற்றினார், போகட்டும், அவர் அயலார். இவளுமா? அதைத்தான் என்னால் இன்றுவரை செரிக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து கேட்டேன். அவள் நெல் புடைத்துக்கொண்டிருந்தாள். மறைக்கவில்லை.

"நான்தான் அண்ணனிட்டச் சொன்னன். வருஷா வருஷம் ஊருக்குப் போறன், ஊருக்குப் போறன் எண்டுறீங்க. அங்க உள்ள காணியையும் விக்காம வச்சிரிக்கீங்க. நீங்களும் போய், புள்ளயும் டவுனில நிண்டா, மறுகா எனக்கு ஆரு இரிக்கா?"

கதவோரம் நின்ற செல்லம் வெளியே வந்தாள். போடிங்கைப் பற்றி ஏதாவது கேட்பாள், அழுவாள் என்று நினைத்தேன்.

"அப்பா, நீங்க போகப் போறீங்களா?" என்றாள்.

"இல்லை" என்றுதான் சொன்னேன். ஆனால் அதைச் சொல்வதற்கு முன்னால் ஊரில் விற்காமல் கிடக்கும் அந்த வயலின் வரப்பு என் கண்முன் வந்து போய்விட்டது. அந்த ஒரு கணத் தாமதத்தைத் தாயும் மகளும் பார்த்துவிட்டார்கள்.