கேசட் டிரைவரின் ஒற்றை ஸ்பீக்கர்

ஊரில் ஓடும் பஸ்ஸெல்லாம் பென்டிரைவுக்கு மாறிய பிறகும் ஒரே ஒரு டிரைவர் மட்டும் பிடிவாதமாகக் கேசட்டைச் செருகிப் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். அதனால் அவருக்குக் கேசட் என்றே பெயர். சிவப்பு விளக்கில் நிற்கும்போது நாடா சிக்கிக்கொண்டால் பேனாவை விட்டுச் சுற்றுவார். விளக்கு பச்சையாகிவிடும், பின்னால் ஹாரன் அலறும். "இருய்யா, பாட்டுக்காரர் கழுத்துல சுருக்கு விழுந்திருக்கு" என்று ஜன்னல் வழியாகப் பதில் சொல்வார். ஒருநாள் பிளேயரே உயிரை விட்டது. அவரும் வேறு வழியில்லாமல் பென்டிரைவுக்கு வந்தார். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

பாட்டு கேட்பதில் அவர் குடும்பத்தில் ஆளுக்கொரு கட்சி. மனைவி தையல்கடையில் மிஷின் மேல் போனை வைத்து ரேடியோ கேட்பாள். அடுத்து என்ன பாட்டு வரும் என்று தெரியாமல் இருப்பதுதான் அவளுக்குச் சுகம். அவள் தம்பி செல்போன் ரிப்பேர் பார்க்கிறவன். எம்பி3 என்றாலே அவனுக்குக் குமட்டும். "அது பாட்டு இல்ல மாமா, பாட்டப் புழிஞ்சு எடுத்த சக்க" என்பான். அவன் கேட்பதெல்லாம் லாஸ்லெஸ். துளி குறையாமல் அப்படியே இருக்குமாம். நாலு பாட்டு ஏற்றினால் போன் மூச்சுத் திணறும். பஸ் கண்டக்டருக்கு இந்தத் தகராறே கிடையாது. சத்தம் வந்தால் போதும், ஆட்டம் தன்னால் வரும்.

போன மாதம் கேசட் திடீரென்று ஒரு புதுக் கட்சி ஆரம்பித்தார். பஸ்ஸில் இருந்த ஸ்பீக்கர்களை எல்லாம் அணைத்துவிட்டுத் தன் வலது கைப்பக்கம், ஜன்னலோரம் இருந்த ஒன்றில் மட்டும் இரண்டு பக்கத்துச் சத்தத்தையும் சேர்த்து ஓடவிட்டார். கேட்டவர்களுக்கெல்லாம் பிரசங்கம். கண்டக்டர் அதை அப்படியே நடித்துக் காட்டுவான். தொண்டையை இரண்டு தரம் கனைத்து, கண்ணைப் பாதி மூடி, "பாட்டுங்கறது ஒரு எடத்துலருந்து வரணும் தம்பி. ஒருத்தன் பேசுறப்ப ரெண்டு பக்கத்துலருந்தா பேசுறான்? ஸ்டீரியோங்கறது ஏமாத்து வேல" என்று அவன் இழுக்கும்போது பின்சீட்டு வரை சிரிப்பு பரவும்.

"அண்ணே, டிரைவர் மட்டும் கேக்கறதுக்கு எதுக்கு எங்ககிட்ட டிக்கெட்?" என்று ஒரு பெண் குரல் கொடுப்பாள். கேசட்டும் கூடவே சிரிப்பார். அவர் சிரிப்பது கண்ணாடியில் தெரியும். ஸ்டியரிங்கை அவர் இறுக்கிப் பிடித்திருப்பது தெரியாது.

கட்சியும் கிடையாது, கொள்கையும் கிடையாது. ஒரு காலையில் எழுந்தபோது அவருடைய இடது காது கேட்கவில்லை. தண்ணீர் போயிருக்கும் என்று தலையைச் சாய்த்துத் தட்டினார். மருந்துக்கடையில் சொட்டு மருந்து வாங்கி ஊற்றினார். காதுக்குள் ஒரு 'ஙொய்' மட்டும் குடிவந்ததே தவிர, போனது திரும்பவில்லை. பஸ் முதலாளிக்குத் தெரிந்தால் அன்றைக்கே சாவியை வாங்கிவிடுவார். ஸ்டியரிங்கைத் தவிர வேறு எதையும் பிடித்துச் சம்பாதித்ததில்லை அவர். ஆகவே யாரிடமும் மூச்சு விடவில்லை. வலது பக்கத்து ஸ்பீக்கர் ஒன்றுதான் அவருக்கு முழுப் பாட்டையும் கொடுத்தது. மற்றதெல்லாம் பாதி.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர் டூட்டி முடிந்து வந்ததும், மச்சான் புது இயர்பட்ஸோடு வந்து இறங்கினான்.

"மாமா, இன்னைக்கு உங்க ஒத்த ஸ்பீக்கர் கட்சிய கலைக்கிறேன். உக்காருங்க."

"வேணாம் மாப்ள, எனக்குக் காது கூசும்."

"கல்யாணப் பொண்ணு மாதிரி பண்ணாதீங்க மாமா. காட்டுங்க காத." அவனே இரண்டையும் இரண்டு காதில் செருகிவிட்டான். மனைவி பக்கத்தில், அவருக்கு இடப்புறம், காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

பழைய டூயட் ஒன்றைப் போட்டான். அந்தக் காலத்து ஸ்டீரியோ. ஆணை ஒரு பக்கமும் பெண்ணை இன்னொரு பக்கமும் நிறுத்திப் பாட வைத்திருப்பார்கள். வலது காதில் அவன் உருகி உருகி ஒரு கேள்வி கேட்டான். பதில் இல்லை. மறுபடி கேட்டான். பதில் இல்லை. அந்தப் பெண் கோபித்துக்கொண்டு போனவள்போல இடது காதின் சுவருக்கு அப்பால் நின்றுவிட்டாள். ஆனால் கேசட்டுக்கு அந்தப் பாட்டு தலைகீழ்ப் பாடம். அவள் எங்கே ஆரம்பிப்பாள், எங்கே இழுப்பாள் என்று கணக்காகத் தெரியும். கேட்காத குரலுக்குச் சரியான இடத்தில் தலையாட்டினார், கண்களை மூடிக்கொண்டார், ஒரு இடத்தில் 'ச்சே, என்னமா பாடுறா' என்றார்.

"சத்தம் போதுமா மாமா?"

"இன்னும் கொஞ்சம் வை."

சத்தத்தைக் கடைசிவரை ஏற்றினான். சிறிது நேரத்தில் சட்டென்று எல்லாம் நின்றது. மச்சான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அபிப்பிராயம் கேட்கத்தான் நிறுத்தியிருக்கிறான் என்று நினைத்தார் கேசட்.

"பிரமாதம் மாப்ள. ஏன் நிறுத்திட்ட?"

"நான் எங்க நிறுத்தினேன்?" அவன் போனைத் திருப்பிப் பார்த்தான். "ஓ, வலதுல சார்ஜ் போச்சு. இடதுல ஓடுதுல்ல?"

"ஆமாமா. ஓடுது, ஓடுது. நான் சும்மா கேட்டேன்."

மடித்துக்கொண்டிருந்த சட்டை மனைவியின் கையில் பாதியில் நின்றது. அவர் இடது காதிலிருந்து அந்தப் பெண்ணின் குரல் கொசுபோலக் கசிந்து அவள்வரைக்கும் வந்துகொண்டிருந்தது. கையை நீட்டி அந்த இயர்பட்டைக் கழற்றித் தன் காதருகே வைத்தாள். உடனே கையைத் தள்ளி வைத்தாள். அவ்வளவு சத்தம்.

மச்சான் கட்சியைக் கலைத்துவிட்ட சந்தோஷத்தில் கிளம்பிப் போனான். கேசட் தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போனார். பின்னாலேயே வந்து, இடது தோளை ஒட்டி நின்று, அவள் மெதுவாக ஒரு பொய்யைச் சொல்லிப் பார்த்தாள்: "வீட்டு ஓனர் நாளைக்கே வீட்ட காலி பண்ணச் சொல்லிட்டார்."

கேசட் சாவகாசமாகத் தண்ணீர் குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுத் திரும்பினார். அவள் நிற்பதைப் பார்த்து, "நீ எப்ப வந்த?" என்றார்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எப்போலருந்துங்க?"

அதற்குமேல் மறைக்க முடியவில்லை. சொன்னார்.

"மொதல் நாளே டாக்டர்கிட்ட ஓடியிருக்க வேணாமா? இப்படி ஒரு காத வெச்சுக்கிட்டா இத்தன நாளா பஸ் ஓட்டுறீங்க? எத்தன உசுருங்க அதுக்குள்ள!"

"கண்ணு ரெண்டும் நல்லா இருக்கு. கண்ணாடி இருக்கு, கண்டக்டர் விசில் இருக்கு. ஓட்டுறது கையும் காலும்தானே, காதா ஓட்டுது?"

"இதயே உங்க முதலாளிகிட்ட சொல்லுங்க பாப்போம்."

"அவர்கிட்ட மட்டும் போயிடாத. சாவி போச்சுன்னா நான் யாரு? நீயே சொல்லு."

அவள் அடுப்பை அணைத்துவிட்டு நிபந்தனை போட்டாள். சனிக்கிழமை அவருக்கு ஓய்வு நாள். அன்றைக்கு ஆஸ்பத்திரி. அதுவரை, கடைக்கு லீவு போட்டுவிட்டு அவளும் பஸ்ஸில் வருவாள். இதற்குக் குறைந்து எந்தச் சமாதானத்துக்கும் அவள் இறங்கவில்லை.

மறுநாள் எஞ்சினை ஒட்டி, டிரைவருக்கு இடப்பக்கம் இருந்த தனி சீட்டில் வந்து உட்கார்ந்தாள். "என்ன அண்ணி, டூட்டியில சேந்துட்டீங்களா? யூனிஃபார்ம் எங்க?" என்றான் கண்டக்டர். அவள் சிரிக்கவில்லை. கண் முழுக்க இடதுபக்கக் கண்ணாடியில் இருந்தது. வண்டி ஏதாவது ஏறி வந்தால் குடைக்காம்பால் அவர் முழங்காலை ஒரு தட்டு. தெளிவாக இருந்தால் தட்டு கிடையாது. முதல் நாள் அப்படியே ஓடியது. இரண்டாம் நாள் கேசட்டுக்குக் கொஞ்சம் தைரியம்கூட வந்துவிட்டது. "இப்படியே ஒரு வருஷம் ஓட்டிடலாம் போலிருக்கே" என்றார். அவள் முறைத்த முறைப்பில் வாயை மூடிக்கொண்டார்.

மூன்றாம் நாள் சந்தைக்கு முந்தின நிறுத்தத்தில் கூட்டம் அப்பிக்கொண்டு ஏறியது. மூட்டைக்காரர் ஒருவர் தன் மூட்டையைச் சரியாக அவளுக்கும் அவருக்கும் நடுவில் இறக்கி, அதன்மேல் தானும் சாய்ந்துகொண்டார். படியில் தொங்கிய ஆட்கள் இடதுபக்கக் கண்ணாடியை முழுதாக மறைத்துவிட்டார்கள்.

"ஐயா, கொஞ்சம் தள்ளுங்க" என்று அவள் கெஞ்சினாள்.

"எங்கம்மா தள்றது? டிரைவர் மடியிலயா?"

சந்தை நிறுத்தம் வந்தது. கேசட் வேகத்தைக் குறைத்து வண்டியை இடப்பக்கம் ஒடிக்கத் தொடங்கினார். அப்போது ஒரு ஹாரன் கேட்டது. விடாமல் அலறும் ஹாரன். கிட்டத்தில். ஆனால் எந்தப் பக்கம்?

இரண்டு காதும் இருப்பவர்களுக்கு இப்படி ஒரு கேள்வியே எழாது. சத்தம் வரும்போதே திசையையும் கையில் பிடித்துக்கொண்டு வரும். கேசட்டுக்கு எல்லாச் சத்தமும் வலப்பக்கமிருந்தே வந்தது. மனைவி கூப்பிடுவதும், மூட்டைக்காரர் கத்துவதும், இந்த ஹாரனும். வலது கண்ணாடியைப் பார்த்தார். காலியான ரோடு. இடது கண்ணாடியில் யாருடைய முதுகோ. கை தன்பாட்டுக்கு ஸ்டியரிங்கை ஒடித்துக்கொண்டே போனது.

"நிறுத்துங்க!" என்று அவள் மூட்டைமேல் விழுந்து கத்தியது அவருக்குக் கேட்டதா என்று இன்றுவரை அவருக்கே தெரியாது. பிரேக்கை ஏறி மிதித்தார். வண்டி குலுங்கி, நடு ரோட்டுக்கும் நிறுத்தத்துக்கும் இடையில் கோணலாக நின்றது. உள்ளே ஒருவர்மேல் ஒருவர் சரிந்தார்கள். இடப்பக்கத் தகரத்தில் ஏதோ கீறிக்கொண்டு போகும் சத்தம்.

அது ஒரு பால்காரரின் மொபெட். பஸ்ஸுக்கும் நடைபாதைக்கும் நடுவில், ஒரு முழம்கூட இல்லாத சந்தில், கால் இரண்டையும் ஊன்றிக்கொண்டு அந்த மனிதர் நின்றிருந்தார். ஒரு கேன் கவிழ்ந்து பால் ஓடிக்கொண்டிருந்தது. அவருக்கு ஒரு கீறலும் இல்லை. மொபெட்டை அங்கேயே சாய்த்துவிட்டுப் பஸ்ஸைச் சுற்றிக்கொண்டு டிரைவர் ஜன்னலுக்கு வந்தார்.

"யோவ்! தொண்ட கிழிய ஹாரன் அடிக்கிறேன். காது செவிடாய்யா உனக்கு?"

"ஆமா" என்றார் கேசட்.

பஸ்ஸுக்குள் நாலைந்து பேர் சிரித்தார்கள். டிரைவர் நக்கல் செய்கிறார் என்று நினைத்துப் பால்காரர் கையை ஓங்கிவிட்டார்.

"இடது காது கேக்கலங்க. கொஞ்ச நாளாவே கேக்கல. தப்பு என்னோடதுதான்."

ஓங்கின கை அப்படியே நின்றது. சிரித்தவர்களும் அடங்கிவிட்டார்கள். குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒரு பெண் முதலில் இறங்கினாள். அவள் பின்னால் ஒவ்வொருவராக இறங்கத் தொடங்கினார்கள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது கேசட்டுக்கு.

கண்டக்டர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான். முகத்தில் விளையாட்டு மிச்சமில்லை. கையிலிருந்த போன் அடித்துக்கொண்டிருந்தது. சந்தையிலிருந்து யாரோ அதற்குள் தகவல் சொல்லியிருக்க வேண்டும்.

"முதலாளிதாண்ணே கூப்புடறார். நீங்க பேசாதீங்க. கிளட்ச் போச்சுன்னு நான் சொல்லிடறேன். பால் காச நான் குடுத்துக்கறேன். இங்க கேட்டவங்க யாரு நாளைக்கு அவர்கிட்ட போய்ச் சொல்லப்போறாங்க?"

கேசட் மனைவியைப் பார்த்தார். அவள் மூட்டைக்கு அந்தப்புறம் நின்றிருந்தாள். கண்ணில் தண்ணீர் நின்றதே தவிர, சொல் என்றும் சொல்லவில்லை, சொல்லாதே என்றும் சொல்லவில்லை. கண்டக்டர் அதற்குள் போனை எடுத்து, "முதலாளி, அது ஒண்ணும் இல்ல, கிளட்ச்சுல..." என்று ஆரம்பித்துவிட்டான்.

கேசட் அவன் கையிலிருந்து போனை வாங்கி வலது காதில் வைத்தார்.

"கிளட்ச் நல்லா இருக்கு முதலாளி. எனக்குத்தான் ஒரு பக்கம் காது போயிடுச்சு. உங்ககிட்ட மறச்சுட்டேன். இன்னைக்கு ஒரு ஆள் மேல வண்டிய ஏத்தியிருப்பேன்."

முதலாளி முதல் வேலையாகக் கேட்டார்:

"யாருக்காவது அடியா?"

"இல்லீங்க."

"நீ எஞ்சின நிறுத்திட்டியா?"

"இன்னும் இல்லீங்க."

"நிறுத்து. சாவிய கண்டக்டர்கிட்ட குடு. வேற டிரைவர அனுப்பறேன். மத்தத நாளைக்கு நேர்ல வா, பேசலாம்."

எஞ்சினை நிறுத்தினார். கண்டக்டர் கையை நீட்டாமல் நின்றான். அவன் சட்டைப் பையில் சாவியைப் போட்டுவிட்டுத் தன் பக்கத்துக் கதவைத் திறந்தார். கார்களும் லாரிகளும் உரசுவதுபோலப் போய்க்கொண்டிருந்தன. ஒரு காலைப் படியில் வைத்தபடி, ரோட்டின் அந்தக் கோடியைப் பார்த்தார், இந்தக் கோடியைப் பார்த்தார், மறுபடியும் ஒருமுறை பார்த்துவிட்டு இறங்கினார்.