ரூத்தின் அண்ணன் முகம்

நேற்று ஒஸ்லோவில், மோர்டென்ஸ்ருட் பகுதியிலுள்ள எங்கள் வீட்டில், மனைவி அச்சாறு போட வினாகிரிப் போத்தலைத் திறந்தார். அவ்வளவுதான், இருபத்தைந்து வருசம் பின்னால் போய்விட்டேன். உங்களுக்கு வினாகிரி என்றால் அச்சாறு. எனக்குப் பழைய புகைப்பட நெகட்டிவ். அந்தக் காலத்து ஃபிலிம் பழுதாகத் தொடங்கினால் இதே மணம்தான் வரும்.

நோர்வேயின் வடகோடியில், பாட்ஸ்பியோர்ட் மீன் ஆலையில் மீன் வெட்டிக்கொண்டிருந்தவன் ஒஸ்லோவுக்கு வந்து, யூதர்களின் வரலாற்றைச் சேர்த்துவைக்கும் சிறிய ஆவணக் காப்பகமொன்றில் சேர்ந்தேன். பழைய படங்களை ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றும் வேலை. முதல் நாள் பெட்டியைத் திறந்ததும், யாரோ சாப்பாட்டைக் கொட்டிவிட்டார்கள் என்று மேசைக்கடியில் குனிந்து தேடினேன். அப்படிப்பட்ட கெட்டிக்காரன் நான்.

"யூத ஆக்களின்ரை படத்தோடை உனக்கென்னடாப்பா வேலை?" என்பான் பக்கத்துப் பியோர்ண்டாலில் இருக்கும் நண்பன். யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டு அல்பம் ஷெல் விழுந்த அன்று வீட்டோடு எரிந்தது. அதை அவனுக்கு விளக்கவில்லை. அவன் வீட்டிலும் அதே கதைதான்.

புதன்கிழமைகளில் ரூத் வருவார், படங்களில் இருப்பவர்களை அடையாளம் காட்ட. இங்கே எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். எனக்கு வாய் வராது. மனதுக்குள் ரூத் அன்ரி. இரண்டாம் உலகப் போரின்போது ஐந்து வயதில் தாயுடன் சுவீடனுக்குத் தப்பியவர். தகப்பனையும் பதினாறு வயது அண்ணனையும் ஒஸ்லோத் துறைமுகத்தில் கப்பலேற்றி நாசிகளின் அவுஷ்விற்ஸ் கொலைமுகாமுக்குக் கொண்டுபோனார்கள். இருவரும் திரும்பவில்லை. வீடும் பறிபோனதால் அண்ணனின் படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. "நெட்டை, மெலிவு, சுருட்டைத் தலை" என்று தன் வாக்குமூலத்தில் சொல்லியிருந்தார். நாங்கள் ஒலிப்பதிவு செய்து வைத்திருந்தோம்.

ஒருநாள் வேறொரு குடும்பம் கொடுத்த நெகட்டிவ் உறையில் அந்த அண்ணனின் பெயரும் பென்சிலில் இருந்தது. ரூத்தைத் திரைக்கு முன் இருத்தினேன். நெகட்டிவைக் கணினியில் படமாக மாற்றியதும் கறுத்த முகங்கள் வெளுத்தன. பனியில் சறுக்குக்கட்டைகளோடு நான்கு பெடியன்கள். ரூத் நெடுநேரம் பார்த்தார். அவர் நோர்வே மொழியில் பேசியதெல்லாம் எனக்கு இப்போது எங்கள் தமிழிலேயே கேட்கிறது.

"தெரியேல்லை. இதிலை அண்ணா இல்லை."

அன்று கூட வந்திருந்த கிழவர், அண்ணனோடு படித்தவர், கட்டையான, காது பெருத்த ஒருவனைத் தொட்டுக் காட்டினார். வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தான்.

"இவன்தான்."

"இல்லை. அண்ணா நெட்டை."

"உமக்கு அப்ப ஐஞ்சு வயசு. உமக்கு எல்லாரும் நெட்டைதான். வகுப்பிலை எனக்குப் பக்கத்திலை இருந்தவன், எனக்குத் தெரியாதோ?"

ரூத் படத்தைப் பெரிதாக்கச் சொன்னார். கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"இவ்வளவு காலமும் வேறை ஆருக்கோ அழுதிருக்கிறன்."

தேநீர் கொண்டுவந்து வைத்தேன், ஆறிப்போனது. பிறகு அவர் எழும்பி, பழைய பதிவை அழிக்கச் சொன்னார். அழிக்க மாட்டோம், புதிதாகச் சேர்க்கலாம் என்றார் எங்கள் பொறுப்பாளர். ரூத் ஒலிவாங்கிக்கு முன் நிமிர்ந்து இருந்தார்.

"நான் முந்திச் சொன்னது பிழை. அண்ணா கட்டை. காது பெரிசு. நல்லாச் சிரிப்பார்."

இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்து வைத்தேன்.

இப்போது ரூத்தும் உயிரோடில்லை, அந்தக் கிழவரும் இல்லை. காப்பகம் பெரிய கட்டடத்துக்கு மாறிவிட்டது. பெயரில்லாத முகங்கள் இன்னும் நிறைய இருக்கின்றன. காப்பகத்துக்கு ஆய்வுக்கு வரும் மாணவர்கள் கெட்டிக்காரர்கள், ஒப்பிட்டுப் பார்த்து, இவராக இருக்கலாமா, அவராக இருக்கலாமா என்று கேட்கிறார்கள். இருக்கலாம் என்கிறேன். "இல்லை, அது அவனில்லை" என்று சண்டைக்கு வர ஒருவரும் இல்லை.